தொண்ணூற்றாறாம் நாள் நேர்மை

"பொய்."

பின்னூட்டத்தில் அவ்வளவுதான் இருந்தது. வந்தது அப்பாவின் கணக்கிலிருந்து. இரண்டு வருடமாக மூச்சுக் காட்டாமல் கிடந்த கணக்கு. வட்டத்துக்குள் அதே மூக்குக்கண்ணாடி, அதே சிரிப்பு.

மருந்துக்கடைக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். 'தாவோ வழியில் நூறு நாள் நேர்மை' என்று பழைய சீன ஞானத்தைத் தொட்டு அவர் முகநூலில் எழுத ஆரம்பித்து இன்று தொண்ணூற்றாறாம் நாள். தண்ணீரைப் போலத் தாழ்ந்து போ, எதையும் திணிக்காதே, முதலில் உன்னையே உள்ளபடி பார் என்று முப்பதாயிரம் பேருக்குச் சொல்கிற மனுஷர். ஒரு பொய் அம்பலமானால் போதும், மொத்தப் பெயரும் போச்சு.

இன்று எழுதியது மூன்றே வரி. "காலையில் அப்பாவின் அறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதையும் கேட்கவில்லை, எதையும் செய்யவில்லை. மனம் தெளிந்தது."

"ஏங்க, நிஜமாவே உட்கார்ந்தீங்களா?" என்றாள் மனைவி.

"உட்காரலாம்னுதான் இருந்தேன்."

"இருந்தீங்களாக்கும்!"

"எவனோ அப்பா கணக்குல புகுந்து விளையாடறான்."

"அவனுக்கு நீங்க உட்காரலைன்னு எப்படித் தெரியும்?"

போன் மறுபடி சிணுங்கியது. அப்பாவேதான். "நீ வந்து பதினோரு நாள்."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது.

"அப்பா போன் எங்கே?"

"அவர் கட்டில்லதான். வேற எங்கே போகும்? நீங்கதான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கிறதில்லையே."

"பயமா இருக்குடி. அந்தக் கட்டிலைப் பார்த்தாலே அழுகை முட்டுது. என்னால முடியலை."

தொண்ணூற்றாறு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நிஜம் அதுதான். அதை எழுதத்தான் மனுஷருக்குத் தோன்றவில்லை.

மாடிப்படி ஏறினார். மூடிய கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அப்பா என்று கூப்பிட வாயெடுத்தார்.

கதவு உள்ளிருந்தே திறந்தது. பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போன அப்பாவைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ், முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"வாங்க சார்! ரெண்டு வாரமா வலது கட்டைவிரல் அசையுது. 'யார்கிட்டயும் சொல்லாதே, என் பையனுக்கு நானே எழுதறேன்'னு போன்ல தட்டிக் காட்டினாரே, எழுதலையா?"