வாசல் பக்கம்

படகடியில் சுரண்டியெடுத்த கடற்பீச்சி என்னும் பை போன்ற சிற்றுயிர்களை வாளியில் சுமந்துவந்து, மகள் வேலைசெய்யும் ஆய்வுக்கூட வாசலில் வைத்தார் பெஞ்சமின்.

"இன்னா பிரிசில்லா, உங்க நைனாவா? அதே மூக்கு கீது!" என்று சிரித்தாள் கூட வேலைசெய்யும் துர்காதேவி.

"போடி, வாளி தூக்குற ஆளு."

பெஞ்சமின் காதில் அது விழுந்தது. "வர்றேன் மேடம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் போனார்.

கடற்பீச்சிக் குஞ்சு முட்டையிலிருந்து வாலோடு வரும். எதிலாவது தலையை ஒட்டிக்கொண்டதும் வாலைக் கரைத்துவிடும். அப்புறம் வால் முளைக்காது, இடம்விட்டு நகரவும் நகராது. அப்பாவின் வாளியிலிருந்து பிரிசில்லா கண்ணாடித் தட்டில் எடுத்துவிட்ட குஞ்சுகள் அன்று மாலைக்குள் எல்லாம் ஒட்டிவிட்டன.

மறுநாள் காலையில் எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. தட்டின் ஒரே ஓரத்தில் முட்டிக்கொண்டிருந்தன. தட்டைத் திருப்பி வைத்தாள். மறுபடி அதே பக்கம் நீந்தின.

அந்தப் பக்கம் வாசல். வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது.