நடுவில் ஒரு ப்

டிராகனுக்கு இன்னும் பாதி உயிர் இருக்கிறது. என் நீலக் கோடு கால்வாசிக்கு வந்துவிட்டது.

நீலக் கோடுதான் மந்திர சக்தி. அது தீர்ந்தால் மந்திரவாதி வெறும் அங்கி போட்ட ஆள்.

“தீக்குச்சி, வால் எட்டாத தூரத்துல நிக்கணும்” என்று திரையின் ஓரத்தில் எழுதுகிறான் இடிதாங்கி. கேடயத்தோடு முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குகிறவன். கூட ஆடுகிறவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பட்டப்பெயர்கள்.

தீக்குச்சி என் மகன். இந்தக் கணினி விளையாட்டுக் கூட்டத்தின் மந்திரவாதி. ஆறு சனிக்கிழமைகளாக மதியம் மூன்று மணிக்கு அவன் நாற்காலியில் நான் உட்காருகிறேன். அது அவர்களுக்குத் தெரியாது.

வேலை செய்யும் இடத்தில் இயந்திரம் அவன் வலது கையைப் பிடித்துவிட்டது. மூன்று விரல்களை ஒட்டவைத்திருக்கிறார்கள். கட்டோடு அடுத்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததிலிருந்து வாய் திறந்து பேசியது ஒரே ஒரு தடவை.

“என் எடத்த மட்டும் விட்டுடாதம்மா. ஆனா அவங்களுக்குத் தெரியவே கூடாது, பாவம் பாப்பாங்க.”

தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வராதவரின் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். அவனுக்கு மிச்சமிருந்த ஆசை அந்த இடம் ஒன்றுதான். அதனால் ஐம்பத்து நான்கு வயதில் நான் மந்திரவாதி ஆனேன்.

முதல் வாரம், கையில் இருந்த நெருப்பையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். நீலக் கோடு துடைத்துவிட்டதுபோல் காலி. சும்மா நிற்கக் கூடாதே என்று மந்திரக்கோலை ஓங்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். ஒரே அடி. செத்துப்போனேன்.

திட்டுவார்கள் என்று பார்த்தால் பாடம் எடுத்தார்கள். முதல்ல பனிப்பூட்டு போட்டு எதிரி காலைக் கட்டணும். நகர முடியாம நிக்கறப்பதான் நெருப்பால அடிக்கணும். நீலக் கோட்டுல கால்வாசிய எப்பவும் மிச்சம் வைக்கணும், அது தப்பி ஓட. கோட்டை நிரப்பற நீல மருந்தைப் பூட்டி வைக்கக் கூடாது, குடிக்கணும்.

இரண்டு வருடமாக ஆடுகிறவனுக்குப் போய் அரிச்சுவடி சொல்கிறார்களே, என் பிள்ளை அவ்வளவு மக்காகவா ஆடியிருப்பான் என்று எனக்கு வருத்தம்கூட வந்தது.

ஆட்டம் பழகிவிட்டது. பழகாதது அவனுடைய தமிழ்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருபத்தெட்டு வருடம். ஒற்று விடுபட்ட சொல்லைப் பார்த்தால் கை அரிக்கும். முதல் வாரம் பழக்க தோஷத்தில் “நெருப்புப் பந்து போடுகிறேன்.” என்று முற்றுப்புள்ளியோடு அடித்து அனுப்பிவிட்டேன். பிறகுதான் அவனுடைய பழைய செய்திகளைப் புரட்டினேன். இரண்டு வருடத்தில் ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. எல்லா இடத்திலும் “நெருப்பு பந்து”. நடுவில் நிற்க வேண்டிய ப் எங்கே போனதோ. என் வயிற்றில் பிறந்தவன்!

அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு ஒற்றாகப் பிடுங்கிவிட்டு, கடைசியில் ஒரு “டா” ஒட்டி அனுப்புகிறேன்.

டிராகன் தலையைத் திருப்புகிறது. இடிதாங்கியை விட்டுவிட்டுத் தைலத்தைப் பார்க்கிறது. தைலம் எங்கள் காயங்களை ஆற்றும் பெண். அவள் விழுந்தால் எல்லாரும் விழுவோம்.

பனிப்பூட்டு. அதன் கால்கள் தரையோடு உறைந்தன. நீல மருந்து இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தேன். கோடு நிரம்பியது. பதற்றத்தில் விரல்கள் தாமாகவே அடித்தன.

“நெருப்புப் பந்து போடப்போகிறேன். எல்லோரும் விலகுங்கள்.”

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். ப் இருக்கிறது. புள்ளி இருக்கிறது. போதாக்குறைக்கு “விலகுங்கள்”. பிள்ளை கேட்டது ஒரே ஒரு விஷயம். அதைக்கூட எனக்குக் காப்பாற்றத் தெரியவில்லை.

அவர்கள் விலகினார்கள். பந்து பந்தாக நெருப்பு போய் விழுந்தது. டிராகன் சரிந்தது.

அது காத்த புதையல் பெட்டி திறந்தது. உள்ளே ஒரு கருநீல அங்கி. மந்திரவாதி மட்டும் போடக்கூடியது.

“அங்கிய எடுத்து வைங்கம்மா அவன் வந்ததும் போட்டுக்கட்டும்” என்று தைலம் எழுதினாள்.

அம்மா. நான் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“மொத வாரமே தெரியும்மா” இது இடிதாங்கி. “எங்கம்மா செத்தாலும் ஒத்து போடாம விடமாட்டாங்கன்னு எப்பவும் சொல்லுவான் நீங்க ப் போட்டீங்க அவன் எடம் எங்கயும் போகாது”

ஆறு வாரமாக அவர்களில் ஒருவர்கூட என்னை “நில்லுடா” என்று எழுதவில்லை. நிக்கணும், கட்டணும், குடிக்கணும். அரிச்சுவடி என் பிள்ளைக்கு இல்லை.

மூக்கை உறிஞ்சினேன். சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

கதவு திறந்தது. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, திரையை மேலிருந்து கீழே வரைக்கும் படித்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் குனிந்து, விசைப்பலகையை இடது கைப் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்தாக.

“அடுத்த வாரம் எடது கையால வரேன்டா நெருப்பு”

நிறுத்தினான். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான்.

பிறகு “பந்து நான்தான்” என்று முடித்தான்.

அப்படியே அனுப்பு என்றேன்.