தொண்டைக்கு இதமாக

“உதென்ன பிள்ளை, இந்தக் குளிருக்குள்ள ஆராவது ஐஸ் குடிப்பினமே?”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு மங்கையற்கரசி அன்ரி, வந்த வேகத்திலேயே திகைத்து நின்றுவிட்டார்.

கிளடிஸ் பால்கனிக் கதவைத் தோளால் சாத்திவிட்டு, கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை. பிறிஜ்ஜில் மூன்று மணித்தியாலம் எடுக்கிற வேலையை பால்கனி முக்கால் மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்துவிடும். ஓரமெல்லாம் இறுகிப் போயிருந்த பேரிக்காய்ச் சாற்றை அவள் முள்ளுக்கரண்டியால் ஒரு கிண்ணத்துக்குள் சுரண்டத் தொடங்கினாள்.

“எனக்கில்லை, அன்ரி. உள்ள படுத்திருக்கிறவருக்கு.”

“தொண்டை வருத்தக்காரனுக்கு ஐஸா? உனக்கென்ன விசரே?”

“நேர்ஸ்தான் சொன்னவா. சூடு பட்டா எரியுது, தண்ணியெண்டாப் புரைக்கேறுது. இப்பிடிப் பூவாச் சுரண்டிக் குடுத்தா நாக்கிலயே கரைஞ்சு இறங்கும். தொண்டை விறைச்சுக் கொஞ்ச நேரம் நோவும் தெரியாது. அந்த நேரம் ஒண்டு ரெண்டு வார்த்தை கதைக்கவும் ஏலும்.”

சொல்வதற்கு லேசாக இருந்தது. முதல் நாள் தோடம்பழச் சாற்றில்தான் செய்து கொடுத்தாள். புளிப்புப் பட்டதும் யேசுரட்ணம் துடித்துப்போனான். சீனி குறைந்த நாள் கல்லாக இறுகியது. கூடின நாள் உறையவே இல்லை. ஒரு கிழமை மினக்கெட்ட பிறகுதான் பேரிக்காய்ச் சாறு, நாலு தேக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு என்று பக்குவம் பிடிபட்டது.

யேசுரட்ணம் அவளுக்குச் சொந்தமில்லை. தை மாதம் ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி சொன்னார்: மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, தொண்டையில் புற்றுநோய், ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையாம், இந்த நாட்டில் ஒருவருமில்லை, கடைசி நாட்களில் வைத்துப் பார்க்க யாராவது முன்வந்தால் நல்லது. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் கழுத்தும் வாயும் மறையச் சால்வை சுற்றிக்கொண்டிருந்தவனைத் திரும்பிப் பார்த்த கிளடிஸ் மட்டும் கையை உயர்த்தினாள்.

அன்றிலிருந்து அவன் அவளுடைய கட்டிலில். அவள் ஹோலில், நிலத்தில். வேலைக்கும் லீவு சொல்லிவிட்டாள்.

“தனிய இருக்கிற பொம்பிளை. நாலு சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சியே?”

“கதைக்கட்டும்.”

“கூடப் பிறந்ததுகளே இப்பிடிப் பாராதுகள். நீ தெய்வம், பிள்ளை.”

முள்ளுக்கரண்டி நின்றது. “அப்பிடிச் சொல்லாதேங்கோ, அன்ரி.”

குரலில் இருந்த சூடு அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். தணிந்து சொன்னாள்: “டொக்டர் கிழமைக் கணக்கிலதான் சொல்லியிருக்கிறார். குரல் அதுக்கு முந்திப் போயிடுமாம். எந்த நாளெண்டும் சொல்லேலாதாம்.”

அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய தலையைத் தடவிவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அறைக்குள் ஹீற்றர் கொதித்துக்கொண்டிருந்தது. ஐஸ் உள்ளே போனால் அவனுக்கு நடுக்கம் எடுக்கும் என்று கிளடிஸ் அதைக் கூட்டியே வைத்திருந்தாள். இரண்டு கம்பளிக்குள் கழுத்தளவு புதைந்து கிடந்தான் யேசுரட்ணம். எழுதிக் காட்டச் சொல்லி நேர்ஸ் கொடுத்த கொப்பி தலைமாட்டில் வெறுமையாகக் கிடந்தது. பென்சில் பிடிக்கிற தெம்பு அவனுடைய விரல்களில் இல்லை.

தலையணையை உயர்த்தி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள்.

“மெதுவா. அவசரமில்லை.”

ஆறாவது கரண்டியில் அவனுடைய நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. உதடு அசைந்தது. மூன்று நாளுக்குப் பிறகு, காற்றைப் போல ஒரு குரல் வந்தது.

“அக்கா...”

கிளடிஸ் குனிந்து காதை அவனுடைய வாயருகே கொண்டுபோனாள். “ஓம், தம்பி.”

“போன உயிர் திரும்பி வந்தமாதிரிக் கிடக்கு.”

இன்னொரு கரண்டி கொடுத்தாள். அவன் அதைக் கரைத்து விழுங்கிவிட்டு அவளையே பார்த்தான்.

“நான் உங்களுக்கு ஆரக்கா? ஏன் இவ்வளவு பாடு படுறியள்?”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். துவாயால் அவனுடைய வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

“இப்ப நோகுதே?”

“இல்லை.”

“இன்னும் கொஞ்சம் கதைக்க ஏலுமே?”

“ஏலும்.”

கட்டில் ஓரத்தில் அமர்ந்து, அவனுடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“அப்ப சொல்லும், தம்பி. தொண்ணூறாம் ஆண்டு ஆமிச் சுற்றிவளைப்பில, முகத்தில சாக்கைப் போட்டுக்கொண்டு நீர் தலையாட்டிக் காட்டிக் குடுத்த இக்னேசியஸ் என்ர மனுசன். அந்தச் சாக்கு ஓட்டைக்குள்ளால உம்மட கண்ணைப் பார்த்தனான். அவரை ஏத்தின வாகனத்திலதான் நீரும் ஏறிப் போனனீர். அவரை எங்க புதைச்சவங்கள்?”