கைசேரியில் ஒன்றுமில்லை

“கைசேரியில ஒண்ணுமே இல்லைண்ணே. சும்மா ஒரு ஊரு லா,” என்றாள் விஜயராணி.

மணியம் விரித்துப் பிடித்திருந்த பேப்பர் லேசாக ஆடியது. காற்றாடி ஓடுகிறது, அதனால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு விஜயராணி துருக்கிச் சுற்றுலா முடிந்து வந்து இறங்கியதிலிருந்து மலாக்கா புக்கிட் காத்திலில் அந்தத் தாமான் குடியிருப்புக்கே நிம்மதி இல்லை. வீடு வீடாகப் போய் பலூனில் பறந்த கதையைச் சொன்னாள். திருஷ்டிக்கு நல்லது என்று கண் வரைந்த நீல மணி ஆளுக்கொன்று கொடுத்தாள். பூசணிக்காய் தொங்கிய வாசல்களில் இப்போது துருக்கிக் கண் முழிக்கிறது.

மணியம் வீட்டுக்கு மட்டும் கடைசியாக வந்தாள். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவருடைய ஒரே மகள் அகல்யா ஒரு துருக்கிக்காரனைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த ஊர்தான் கைசேரி. ஏதோ புதுச்சேரிக்குப் பக்கத்து ஊர் போலக் கேட்கும். அங்கே அது ஒரு மாகாணத்தின் தலைநகர். சேதி வந்த அன்றே மணியம் வாசலில் நின்று மகளைத் தலைமுழுகினார். அன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் இல்லை. பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரில் கொஞ்சம் சிக்கனமாகத்தான் முழுக வேண்டியிருந்தது. “இனிமே அவ பேச்சே இந்த வீட்ல கூடாது,” என்றார். நாலு வருஷமாக அவர் மனைவி கோமளாவும் எடுக்கவில்லை.

இப்போது அந்த ஊர் மண்ணை மிதித்துவிட்டு வந்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கேட்க ஆயிரம் இருக்கிறது. கேட்டால் முழுகிய தலைக்கு மரியாதை இல்லை.

அவளாகச் சொன்னால்தான் உண்டு. அவளோ விமான நிலையத்துக் கழிவறைக் கதையை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறாள்.

ஒரு வழியாக வந்தாள். “மலை ஒண்ணு இருக்கு. சின்னது. உச்சியில கொஞ்சமா பனி, கோப்பையில துருவிக் குவிச்ச ஐஸ் கச்சாங் மாதிரி.”

மணியம் பல்லைக் கடித்தார். ஐஸ் கச்சாங்காம்!

“கோட்டை கூட இருக்குண்ணே. நம்ம மலாக்கா மணிக்கூண்டு மாதிரியே செக்கச் செவேல்னு.”

“கருப்பு,” என்றது பேப்பர்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல.”

மனுஷர் அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அடுத்தவர் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் அந்த உடம்பிலேயே கிடையாது. கல்யாண வீட்டில் ஐயரையே திருத்தியவர்.

“சாப்பாடுதான் சரியில்ல. கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு தராங்க. ஒவ்வொண்ணும் பாவ் பன் சைஸ். ஒண்ணு தின்னா வயிறு ரொம்பிடும்.”

பேப்பர் மடங்கியது.

“பாவா? ஏம்மா, கண்ணால பாத்துட்டுத்தான் பேசுறியா? ஒரு கரண்டியில நாப்பது அடங்கணும்! நாப்பது! அவ்வளவு பொடிசா மடிக்கத் தெரிஞ்சாத்தான் அந்த ஊர்ல மருமகளுக்கு மாமியார்கிட்ட மதிப்பு!”

மருமகள் என்ற சொல் வாயில் வந்துவிட்டது. இருமிப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மடை திறந்துவிட்டது. அந்த மலைக்குப் பெயர் எர்ஜியெஸ், செத்துப்போன எரிமலை, நம் கினபாலு மலைக்குக் கொஞ்சம்தான் குட்டை. அது கக்கிய கல்லில்தான் கோட்டை, அதனால்தான் கருப்பு. ரோமாபுரி ராஜாவின் சீசர் பட்டத்தில் பெயர் வாங்கிய ஊர். அதற்கும் வெகுகாலம் முந்தியே களிமண் பலகையில் கணக்கெழுதிய வியாபாரிகள் அந்தப் பக்கம் இருந்திருக்கிறார்கள். குளிருக்கு முன்னால் இறைச்சிக்கு வெந்தய மாவைப் பூசிக் காயப்போடுவார்கள். தெருவெல்லாம் நம் அடுக்களை போல வெந்தய வாசம் அடிக்கும்.

“என்னமோண்ணே, ஜனங்க வெகுளி,” என்று விஜயராணி இன்னொரு விறகைச் செருகினாள்.

“வெகுளியா? கழுதைக்குச் சாயம் பூசி, அதைப் பெத்த அப்பனுக்கே வித்தவன் கைசேரிக்காரன்னு துருக்கி முழுக்கச் சொல்லிச் சிரிப்பாங்கம்மா!”

தேநீர்த் தட்டோடு வந்த கோமளா கதவருகிலேயே நின்றுவிட்டாள். நாலு வருஷமாக மத்தியானமானால் காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பாரே! இந்த ஊரைப் பார்க்கத்தானா? தாமானில் அதற்கு வேறு மாதிரி விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் பாதி நம்பியிருந்தாள்.

மணியம் வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன பிரயோஜனம்?

விஜயராணி சிரிக்கவில்லை. மடியில் கிடந்த சால்வையை விலக்கினாள். அடியில் அவளுடைய போன். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டியா அகல்யா? நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே எல்லாத்தையும் தப்புத் தப்பாத்தான்மா சொன்னேன்.”

பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: “அந்த ஊரு ஏர்போர்ட்ல வந்து காத்துக்கிட்டு நின்னாண்ணே. ‘அப்பாவுக்கு முன்னாடி இந்த ஊரைப் பத்தித் தப்பாப் பேசிப் பாருங்க அத்தை. பேசாம இருந்தாருன்னா என்னை விட்டுட்டாருன்னு நினைச்சுக்கறேன்’னா.”

போனில் மூச்சு மட்டும் கேட்டது.

நீட்டிய போனை மணியம் வாங்கவில்லை. தள்ளவும் இல்லை.

“இதுல ஆள் மூஞ்சி தெரியுமா?”

“தெரியும்ணே. இந்த வீடியோவைத் தட்டினாப் போதும்.”

“இரு, தட்டிடாத.”

குனிந்து தன் ஓட்டைப் பனியனைப் பார்த்தார். சட்டை மாட்டிக்கொண்டு வர உள்ளே ஓடினார்.