பதிவேற்றியவர்

திரையில் அவளுடைய அலையாத்திக் காடு விரிந்தது.

கீழே, பதிவேற்றியவர்: முனைவர் மருதவாணன், தாவரவியல் துறைத் தலைவர்.

கடைசி வரிசையில் அவள் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

பல்கலைக்கழகம் புதிதாகத் திறந்த அறிவுக் களஞ்சியம் அது. எல்லாத் துறைப் பாடங்களும் ஒரே இணையதளத்தில். ஆனால் நிரந்தரப் பேராசிரியர்களுக்கு மட்டும்தான் பாஸ்வேர்டு. அவள் கௌரவ விரிவுரையாளர். அந்த கௌரவமெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

என் பேரிலேயே ஏற்றிவிடும்மா, எல்லாம் நம் துறைதானே என்றிருந்தார் மருதவாணன்.

ஏற்றினாள். முழங்கால் சேற்றில் நின்று எடுத்த படங்கள். தொண்டை கட்டக் கட்டப் பேசிப் பதிந்த பாடங்கள். ஒன்று விடாமல்.

ஜூனில் அவள் வேலை நீள்வதற்கு அவர் கையெழுத்து வேண்டும்.

இன்று களஞ்சியத்தை மதிப்பிட ஆய்வுக் குழு வந்திருக்கிறது. குழுத் தலைவி ஒரு நரைத்த தலை அம்மையார். சும்மா படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவராகத் தெரியவில்லை. பாடத்தை ஓடவிடச் சொன்னார்.

முன்வரிசையில் மருதவாணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பாவம், ஒருநாளும் அதைத் திறந்து பார்த்தவரில்லை.

அரங்கம் முழுக்க ஒரு பெண் குரல்.

போட்ட கால் கீழே இறங்கியது.

அம்மையார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"குரலுக்கு மட்டும் ஆள் வெச்சோம் மேடம். பாடம் என்னுது."

அவள் எழப் பார்த்தாள். ஜூன் ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் சேற்றைத் துளைத்துக்கொண்டு வேர்கள் குச்சி குச்சியாக நின்றன. இந்த வேர் மட்டும் ஏன் மேல்நோக்கி வளர்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றது குரல்.

பிறகு சத்தமில்லை.

கோளாறு என்று நினைத்து யாரோ ஒயரைத் தொடப் போனார்கள். கோளாறு இல்லை. வகுப்பில் செய்வதைப் போலவே பதிவிலும் பிள்ளைகள் பதில் சொல்ல அவள் இடம் விட்டுவைப்பாள்.

கூட்டம் காட்டுவதற்காக அழைத்து வந்து உட்காரவைத்த மாணவர்கள், பழக்கதோஷத்தில், ஒரே குரலில் சொன்னார்கள்.

"மூச்சு விடறதுக்கு, மேம்."

சொல்லிவிட்டு, சரிதானா என்று எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மையாரும் திரும்பினார்.

அவள் கைப்பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.