பூ உத்தரவு

"ஏனுங்க நர்சம்மா, அந்த வைட்டமின் பாட்டிலை மட்டும் குடுங்க. ஊசி போட்ட வரைக்கும் போதுமுங்க. பொழுதோட பேத்தியை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார் பொங்கியண்ணன்.

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த கிருபாவதி நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலில் இரண்டு வயது வர்ஷினி. நிமோனியா. இன்றைக்குத்தான் மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கி, இரண்டு வாய் கஞ்சி குடித்திருந்தாள்.

"பெரியவரே, வைட்டமின் தெம்புக்குங்க. கிருமியைக் கொல்றது ஊசிதான். ஊறுகா இருக்குதுன்னு சோறே வேண்டாம்பீங்களா? பாதியில நிறுத்துனா மறுபடியும் வந்துரும்."

"அந்தச் சொட்டு உள்ள போன பொறவுதானுங்க புள்ள கண்ணு முழிச்சுது. ஊசி எங்க குடும்பத்துக்கே ஆகாதுங்க. மூணு வருசத்துக்கு முந்தி பேரனுக்கும் இதே சளிதான். இந்த ஊசிதான் அவனைக் கொண்டு போச்சு."

கட்டிலோரம் நின்ற குழந்தையின் அம்மா சாந்தாமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூத்தவன் நிதீஷுக்கு ஊசி போட்டது நிஜம்தான். அதைப் பாதியில் நிறுத்தி, டானிக் போதும் என்று ஊருக்குத் தூக்கிப் போனவரும் இதே மாமனார்தான். அதை அவரிடம் யார் சொல்வது? நாலு ஊருக்கு நியாயம் சொல்கிற மனுஷர். சொன்ன சொல்லிலிருந்து இறங்கி வந்தது கிடையாது. அவள் புருஷன் திருமலைசாமியோ அப்பன் எதிரில் வாய் திறந்ததே இல்லை. இப்போதும் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதுக்கெல்லாம் ஒரு மீசை வேறு.

"மாமா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறனுங்க. இன்னொன்னையும் என்னால மண்ணுக்குக் குடுக்க முடியாதுங்க."

பொங்கியண்ணன் வெகுநேரம் பேத்தியையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீ சொல்றதும் வேண்டாம், நான் சொல்றதும் வேண்டாம் அம்மணி. சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். ரெண்டு பொட்டலம், ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. வெள்ளை வந்தா உத்தரவு, ஊட்டுக்குப் போறோம். செவப்பு வந்தா தடை, புள்ள இங்கியே இருக்கட்டும்."

"பச்சைப் புள்ள உசுரைப் பூவுல வெச்சுப் பாப்பீங்களா?" என்று கிருபாவதி பதறினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். வாசல் பூக்காரியிடம் வெள்ளையும் சிவப்புமாக அரளி வாங்கி வந்தார் பொங்கியண்ணன். யாருக்கும் தெரியாமல் திரும்பி நின்று, இரண்டு வாழையிலைத் துண்டுகளில் சுற்றி, அவரே நூல் கட்டினார். உதவ வந்த மகனைக்கூட "தொடாதே" என்று தள்ளி நிற்கச் சொன்னார். புருஷனை வைத்துப் பூவை மாற்றிவிடலாம் என்று சாந்தாமணி நினைத்திருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போயிற்று.

இரண்டு பொட்டலங்களையும் பிள்ளையார் முன்னால் வைத்தார்.

"எடு அம்மணி. பெத்தவ கைதான் எடுக்கோணும்."

ஒன்றைத் தொட்டாள். பயந்து விட்டுவிட்டாள். மற்றதை எடுத்துப் பிரித்தாள்.

செவ்வரளி.

அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"தடைன்னா தடைதான். சாமி சொன்ன பொறவு மறுபேச்சு ஏது? நர்சம்மாகிட்டப் போயி ஊசியைப் போடச் சொல்லு" என்றார் பொங்கியண்ணன். மிச்சப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே தண்ணியில உட்டுரு."

துண்டால் முகத்தைத் துடைத்தபடி வார்டைப் பார்த்து நடந்தார். தோற்றுப்போன வீம்பு என்று நினைத்துக்கொண்டாள் சாந்தாமணி.

குழாயடித் தொட்டியில் பொட்டலத்தை விட்டாள். நனைந்த நூல் நெகிழ்ந்தது. மாமனார் கட்டிய இலை மெல்ல விரிந்தது.

அதற்குள் இருந்ததும் செவ்வரளிதான்.