ஆயிரம் ரூபாய்க் கூந்தல்

“ஆயிரம் ரூபாயா! முடி கொட்டுறதுக்கு யோசனை சொல்ல ஆயிரம் ரூபாயா?”

சிவசுப்பிரமணியன் போட்ட சத்தத்தில், கடையில் சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் யார் என்று அரியலூரில் கேட்டால், நேராக அவர் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள்.

“கட்டிட்டேங்க” என்றாள் அவர் மனைவி அம்பிகா. “பொங்கலுக்கு அம்மா குடுத்த பணம்.”

“யாருகிட்ட? செல்லுல குரூப் வச்சு எல்லாருக்கும் ஓசியில சொல்லிக்கிட்டிருந்தாங்களே, பெரம்பலூர் வளர்மதி, அவங்ககிட்டயா?”

“அவங்கதாங்க. தோல் டாக்டர்கிட்ட பன்னெண்டு வருசம் நர்ஸா இருந்தவங்க. போன மாசத்துலேருந்து ஃபீஸ் வச்சிருக்காங்க.”

“ஆளு சேர்ற வரைக்கும் ஓசி. சேந்தப்புறம் காசு. நல்ல தொழில்தான்!”

குரூப்பிலும் இதே பாட்டுத்தான். மூன்று வருடமாக ஓசியில் கேட்டவர்கள்தான் முதலில் பொங்கினார்கள். ‘சேவைன்னு நெனச்சோம், கடை விரிச்சிட்டீங்களே’ என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே நாற்பது கைத்தட்டல்.

“இல்லங்க...” என்று அம்பிகா இழுத்தாள். “மூணு மாசம் சொன்னபடி நடந்துட்டா, ஆயிரத்தையும் முழுசா திருப்பிக் குடுத்துடுவாங்க. ரத்த டெஸ்ட் ரிசல்ட்டு, முழுங்கின மாத்திரையோட காலி அட்டை, எல்லாம் கொண்டுபோய்க் காட்டணும். நடுவுல விட்டாத்தான் பணம் போச்சு.”

சிவசுப்பிரமணியன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரு விடுறா?”

அன்றைக்கே அவளை ரத்தம் கொடுக்க அழைத்துப் போனார். அவள் இரண்டு வருடமாகக் கேட்டும், ‘அதுக்கு வேற தெண்டம் அழணுமா’ என்று தள்ளிப்போட்டவர்தான். ரத்தம் ஏழுதான் இருந்தது. “இத்தனை நாள் எப்படிம்மா நடமாடினீங்க?” என்று டாக்டரே அசந்துபோய், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆயிரத்தை மீட்பதற்காக, மூன்று மாதத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் செலவாகப்போகிறது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதாகப் போயிற்று.

அதற்கப்புறம் வீட்டில் அவர் ராஜ்ஜியம்தான். தினமும் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பார். “உடனே டீ குடிக்காத, மாத்திரை வேலை செய்யாதாம்” என்று தம்ளரைப் பிடுங்குவார். வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் வந்தது. ஒருநாள் அவரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்ததை எதிர்வீட்டுக்காரி செல்லில் படம் பிடித்தாள்.

மாடிப்படி ஏறினால் அம்பிகாவுக்கு மூச்சு வாங்குவது நின்றது. சீப்பில் கொத்தாக வந்த முடி குறைந்தது. மூன்றாம் மாதம், நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாகப் புதுமுடி முளைத்திருந்தது.

“நானே போய் வாங்கியாறேங்க. நீங்க எதுக்கு அலையணும்?” என்று அம்பிகா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே! காலி அட்டைகளை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டார்.

வளர்மதி ரிசல்ட்டைப் பார்த்தார். செல்லில் அம்பிகாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ரத்தம் பதினொண்ணரை வந்துடுச்சே! ரொம்ப சந்தோசம் சார்” என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆமா, இப்படி எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துட்டா உங்க பாடு எப்படிங்க?” யாவாரிக்கு யாவாரி கேட்கும் கேள்வி.

“பாதிப் பேரு நடுவுலயே விட்டுடுறாங்க சார். அதுலதான் வூடு ஓடுது. டாக்டர் கிளினிக்கை மூடினதும் எனக்கு வேலை போயிடுச்சு, ரெண்டு புள்ளைங்க படிக்குது. ஓசியில சொன்னப்ப டெஸ்ட் எடுக்க ஒருத்தரும் போகல. காசுன்னதும் போறாங்க.”

“நியாயந்தான். என் ஆயிரத்தைக் குடுத்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன்.”

வளர்மதி தயங்கினார்.

“அம்பிகா உங்ககிட்ட சொல்லலையா சார்? அவங்க பணம் கட்டவே இல்லையே.”

“என்னது?”

“கையில காசு இல்லக்கான்னு போன் பண்ணினாங்க. பரவால்ல, உங்களுக்கு ஃபீஸ் வேணாம்னேன். ‘அப்ப கட்டிட்டேன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கட்டுமாக்கா?’ன்னு கேட்டாங்க. எதுக்குன்னேன்.”

“எதுக்காம்?”

வளர்மதி மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“‘ஆயிரம் ரூபா போயிடும்னு பயந்தாத்தான் அவரு என்னைக் கவனிப்பாரு’ன்னாங்க.”

சிவசுப்பிரமணியன் மஞ்சள் பையிலிருந்த காலி அட்டைகளைப் பார்த்தார். அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆயிரத்துக்காகத்தானே மாத்திரை கொடுத்தார், ஆயிரத்துக்காகத்தானே கீரை ஆய்ந்தார்! பத்து வருடம் குடித்தனம் நடத்தியவள் அவரைச் சரியாகத்தான் எடைபோட்டு வைத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சட்டைப்பையில் கைவிட்டு, இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“அடுத்த மூணு மாசத்துக்கு.”

“இதைத் திருப்பி வாங்கணும்னா, மறுபடி காலி அட்டையெல்லாம் கொண்டாரணும் சார்.”

“ஒண்ணு விடாம கொண்டாந்து காட்டுறேங்க” என்றார் சிவசுப்பிரமணியன். “பணம் மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”